தடை உள்ள இடத்தில் நாணற்காட்டுக்கு முறையாகத் தீயிடுவது எப்படி?

ஜப்பானில் கழிவுகளைத் திறந்தவெளியில் எரிப்பதற்குச் சட்டத் தடை இருந்தாலும், சுமார் 3,300 ஹெக்டேர் பரப்புள்ள வதராசே ஈரநிலத்தில் வழக்கமாக மார்ச் மாதத்தில் நாணலுக்குத் தீயிடுகிறார்கள். இப்படித் தீயிட அனுமதி நாடுவோர், எரிக்கப்படுவது குப்பையன்று, பராமரிக்கப்படும் வாழிடம் என்பதை வரைபடத்தோடும் தாவரப் பட்டியலோடும் உள்ளாட்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் முதலில் எழுத்தில் விளக்க வேண்டும். காய்ந்த தட்டைகளின் மூடாக்கு நீங்கினால்தான் தரைக்கு வெயில் எட்டி, வயலட் இனச் செடிகள் போன்ற அரிய சிறுசெடிகள், நாணல் ஓங்கி நிழல் பரப்புவதற்குள் முளைத்தெழ முடியும் என்பதே விண்ணப்பத்தின் உயிர்நாடி. ஆகவே, புதுத் தளிர் வருமுன் நாள் குறிக்க வேண்டும். தீத்தடுப்புப் பாதைகளை முன்கூட்டியே வெட்டி வையுங்கள். காற்று வலுத்தால் அன்றைய பணியைத் தயங்காமல் தள்ளிவையுங்கள். சாம்பல் பறந்து விழக்கூடிய ஊர்களுக்குத் தேதியை அறிவிப்பது, அனுமதித் தாளில் எழுதப்படாவிட்டாலும், நம் கடமையே.