சிபிஆர்: ஆம்புலன்ஸ் வருவதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது

சிபிஆர் என்பது இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி. அதன் பயிற்சிக்குப் போன முதல் நாள், நெஞ்சை அமுக்குவதற்கு ஒரு வகுப்பா என்றுதான் நினைத்தேன். பொம்மையின் மேல் கை வைத்து முப்பது முறை அமுக்கிவிட்டு நிமிர்ந்தேன். "உங்கள் பொம்மை இன்னும் செத்துத்தான் கிடக்கிறது" என்றார் பயிற்சியாளர். போதிய ஆழத்துக்கு ஒருமுறைகூட அமுக்கவில்லையாம். பிளாஸ்டிக் பொம்மை என்று தெரிந்தும், வலித்துவிடுமோ என்று கை தானாகவே தயங்கியிருக்கிறது.

செய்முறையைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். அந்தத் தயக்கத்தைக் கழற்றி வைக்கத்தான் நேரம் பிடிக்கும். எந்தப் படியில் தயக்கம் வரும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஏன் நாம்?

இதயம் நின்ற பிறகு, ஒன்றும் செய்யாமல் விட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்குச் சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். ரத்தம் போகாவிட்டால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். எவ்வளவு வேகமாக ஆம்புலன்ஸ் கிளம்பினாலும் வந்துசேர அதைவிட நேரமாகலாம். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகும் சம்பவங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நடக்கின்றன. அதாவது, பக்கத்தில் இருக்கப்போவது மருத்துவர் அல்ல. மனைவி, மகன், மாமியார்.

டென்மார்க்கில் பள்ளிகளிலும் ஓட்டுநர் உரிமம் பெறும்போதும் உயிர்காப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். தொலைபேசியில் வழிகாட்டுவதையும் மேம்படுத்தினார்கள். 2001இல் அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குத்தான் அருகில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தார்கள். 2010இல் அது சுமார் 45 சதவீதம். ஒரு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். உயர்வு முழுவதும் சிபிஆரால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, சிகிச்சை முறைகளும் அந்தக் காலத்தில் முன்னேறின. இருந்தாலும் பொதுமக்களின் கைக்கு அதில் பெரிய பங்குண்டு.

இந்த முறையைக் கண்டறிந்த கதையும் நமக்குச் சாதகமானதே. 1960இல் ஒரு கட்டுரையில் இதை உலகுக்கு அறிவித்த மூவரில் வில்லியம் கோவென்ஹோவன் ஒரு மின்பொறியாளர், மருத்துவர் அல்ல. நாய்களின் மார்பில் மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாய்ச்சும் முன்பே ரத்த அழுத்தம் ஏறியதை அவருடைய குழு கவனித்தது. இதற்குத் தேவை இரண்டு கைகள்தான், எவரும் எங்கும் தொடங்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிட்டு மேலே போவோம். மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு வலிக்கிறது என்று நம்மிடம் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு சிபிஆர் வேண்டாம், உடனே மருத்துவமனைதான் வேண்டும். அந்த மாரடைப்பே இதயத்தை நிறுத்திவிட்டால், அல்லது வேறு காரணத்தால் துடிப்பு தாறுமாறாகி நின்றால், ஆள் சில விநாடியில் நினைவிழந்து சரிவார். சிபிஆர் அப்போதுதான்.

படி 1: தட்டுங்கள், கத்துங்கள்

முதலில் உங்கள் பாதுகாப்பு. அறுந்த மின்கம்பியோ பாயும் வாகனமோ பக்கத்தில் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் கிட்டே போகாதீர்கள். பிறகு இரண்டு தோள்களையும் பலமாகத் தட்டி, "கேட்குதா? கண்ணைத் திறங்க!" என்று உரக்கக் கூப்பிடுங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, உட்கார வைப்பது எதுவும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

படி 2: மூச்சைப் பாருங்கள், பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்

நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, முகவாயை உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஒரு விநோதமான மூச்சு வரும். கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதுபோல, விட்டுவிட்டு, குறட்டையும் முனகலும் கலந்து ஓர் இழுப்பு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சுற்றியிருப்பவர்கள் நிம்மதி அடைவார்கள். அது மூச்சே அல்ல. மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. சிலருக்கு விழுந்தவுடன் கைகால் சில விநாடி வெட்டி இழுக்கும், பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்துக் காத்திருப்பார்கள். இழுப்பு நின்றதும் மூச்சைப் பாருங்கள்.

நாடி பிடித்துப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். பதற்றத்தில் உங்கள் விரல் நுனியில் ஓடும் நாடியையே அவருடையது என்று எண்ணிவிடுவீர்கள். பழகியவர்களே தடுமாறும் வேலை அது. தட்டினால் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை. இந்த இரண்டும் இருந்தால் அடுத்த படி. சந்தேகமாக இருந்தாலும் அடுத்த படிதான்.

படி 3: ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள்

"யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்றால், வேறு யாரோ பண்ணுவார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். "நீங்க, நீலச்சட்டை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க. நீங்க, ஏஇடி கருவி இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று விரலை நீட்டிச் சொல்லுங்கள். (ஏஇடி என்பது தாறுமாறான இதயத்துடிப்பைச் சரிசெய்ய மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி.) தனியாக இருந்தால் அவசர எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தரையில் வைத்துவிடுங்கள். முதலில் இடத்தைச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் வண்டி எங்கே வரவேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

படி 4: கை வைக்கும் இடம்

ஆள் மெத்தையில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் வைத்து அமுக்கினால் பாதி மெத்தைதான் அமுங்கும். அவருடைய நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒட்டி முழங்காலிடுங்கள். நெஞ்சின் நட்டநடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை, மணிக்கட்டை ஒட்டிய கெட்டியான பாகத்தை வையுங்கள். இதயம் இடப்பக்கம் என்று நினைத்து இடப்பக்கம் வைக்காதீர்கள். மறு கையை மேலே வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக்கூடாது. உங்கள் தோள் அவருடைய நெஞ்சுக்கு நேர் மேலே வரவேண்டும்.

படி 5: அமுக்குங்கள்

பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். ஒரு அளவுகோலை எடுத்து அந்த நீளத்தைப் பாருங்கள், திகைப்பாக இருக்கும். கை பலத்தால் அது முடியாது. இடுப்பிலிருந்து சாய்ந்து, உடம்பின் எடையை இறக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு.

தமிழில் எண்ணுகிறவர்களுக்கு ஒரு யோசனை. முப்பதுவரை நேராக எண்ணாதீர்கள். "ஒண்ணு, ரெண்டு" வேகமாக வரும், "இருபத்தொன்பது" வரும்போது நாக்கும் கையும் சேர்ந்து மெதுவாகிவிடும். வகுப்பில் எனக்கு அப்படித்தான் ஆனது. ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணினால் தாளம் தவறாது.

ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலெழ விடுங்கள். கையை எடுக்க வேண்டாம், எடையை மட்டும் தூக்குங்கள். நெஞ்சு எழும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிரம்புகிறது. மிக நன்றாகச் செய்தாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதையும் அடிக்கடி நிறுத்தினால் கஷ்டப்பட்டு ஏற்றிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், மறுபடி ஏற்றப் பல அமுக்குகள் வேண்டும். ஆகவே கண்ணைத் திறந்தாரா என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள்.

கைக்கடியில் 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். விலாவெலும்போ குருத்தெலும்போ முறிந்திருக்கும். பலர் இந்த இடத்தில் பயந்து நிறுத்திவிடுவார்கள். கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடருங்கள். முறிந்த எலும்பு கூடிவிடும்.

இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள். களைப்பை நாம் உணர்வதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா?

பயிற்சி பெற்றவர் 30 அமுக்குக்கு 2 முறை, ஒவ்வொன்றும் ஒரு விநாடி நீடிக்கும்படி ஊதலாம். தெரியாதவர், விருப்பமில்லாதவர் அமுக்குவதை மட்டும் செய்தால் போதும். பெரியவர் ஒருவர் திடீரென்று சரியும்போது அவருடைய ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதை ஓட வைப்பதுதான் அவசரம்.

நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பெரும்பாலும் அங்கே மூச்சு நின்றதால்தான் இதயம் நிற்கிறது, ஊதுவதும் அவசியம். குழந்தைகளுக்கு மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுக்க வேண்டும்: சிறுவர்களுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர், கைக்குழந்தைக்குச் சுமார் 4. கைக்குழந்தையை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு பெருவிரல்களால் அமுக்குவார்கள். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. வீட்டில் குழந்தை இருந்தால் வகுப்புக்கே போய்விடுங்கள்.

படி 6: ஏஇடி வந்தால்

திறந்து இயக்குங்கள், அதுவே பேசும். ஒரு ஒட்டுத்தகடு வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டும்போதும் இன்னொருவர் அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். "யாரும் தொடாதீர்கள்" என்று அது சொல்லும்போது மட்டும் கையை எடுங்கள். மின்னதிர்ச்சி தேவையில்லாத இதயத்துக்கு அது கொடுக்காது. ஆகவே தவறாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கொடுத்த மறுநொடி மீண்டும் அமுக்கத் தொடங்குங்கள்.

2021 ஜூன் 12 அன்று, கோபன்ஹேகன் மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே டென்மார்க் கால்பந்து வீரர், 29 வயது கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது நடந்தது இதுதான். உடனே சிபிஆர், பிறகு ஒரு மின்னதிர்ச்சி. அடுத்த ஆண்டே அவர் மறுபடி பந்து விளையாடினார்.

எப்போது நிறுத்துவது?

அவர் இயல்பாக மூச்சுவிடத் தொடங்கினால், மருத்துவக் குழு பொறுப்பேற்றால், அல்லது உங்களால் இனி முடியவே முடியாது என்றால்.

மிச்சமிருக்கும் பயங்கள்

"இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஆளை அமுக்கிவிட்டால்?" அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், நீங்கள் நிறுத்துவீர்கள். பெரிய காயம் அரிது. "வழக்கு வருமா?" நல்லெண்ணத்தோடு உதவியவரைக் காக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் நாட்டில் அது என்ன சொல்கிறது என்று இன்றே ஒருமுறை படித்துவிடுங்கள்.

"பெண்ணாக இருந்தால்?" இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பொது இடங்களில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சிபிஆர் கிடைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமுக்க ஆடையைக் களைய வேண்டியதில்லை, கை படுவது நெஞ்செலும்பின் மேல்தான். தகடு ஒட்டும்போது மட்டும் தோல் தெரிய வேண்டும். சுற்றி நிற்பவர்களை முதுகு காட்டித் திரும்பி நின்று மறைக்கச் சொல்லலாம்.

வீட்டுப்பாடம்

கெட்டியான திண்டு ஒன்றைத் தரையில் போட்டு, போனில் இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்து அமுக்கிப் பாருங்கள். 200க்கும் 240க்கும் இடையில் வந்தால் வேகம் சரி. ஆழம் சரியா என்று திண்டு சொல்லாது, அதற்குப் பயிற்சிப் பொம்மைதான் வேண்டும். அரைநாள் வகுப்பில் கிடைத்துவிடும். போகும்போது வீட்டில் இருக்கும் இன்னொருவரையும் கூட்டிப்போங்கள். விழுகிறவர் நீங்களாகவும் இருக்கலாம் அல்லவா.