பறவையை நோக்கி நடக்காதீர்கள்: கடற்கரைக்கு இருவராகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டில் பறவை பார்த்துப் பழகியவர்கள் கடற்கரைக்கு வந்தாலும் விடியற்காலையிலேயே எழுந்து ஓடுவார்கள். நாங்களும் அப்படித்தான் ஓடினோம். நானும் என் கணவரும் முதன்முதலாக வெயில் காயும் ஒரு தெற்குக் கரைக்குப் போனபோது, மூன்று நாளும் காலை ஆறு மணிக்கே போய் நின்றோம். மூன்று நாளும் நீர் வற்றிக் கிடந்தது. சேற்றுப் பரப்பின் கடைசியில் சில புள்ளிகள் அசைந்தன, அவ்வளவுதான். நான்காம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சும்மா காலாற நடக்கப் போனோம். நீர் ஏறிக்கொண்டிருந்தது. இருபதடி தூரத்தில் உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன.

கரைப்பறவைகளுக்கு விடியலைவிட ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான், முக்கியம். நீர் இறங்கினால் சேறு வெளிப்படும், அவை இரை தேடித் தொலைவில் சிதறிவிடும். நீர் ஏற ஏற மேயும் இடம் சுருங்கி, தாமாகவே கரைப்பக்கம் நெருங்கி வரும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும். எனவே தங்குமிடம் பதிவு செய்வதற்கு முன்பே அந்தக் கரையின் ஓத அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்தால் போதும்.

உட்கார்ந்தால் என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. ‘இன்னும் கொஞ்சம் கிட்ட போகலாம்’ என்று எழுந்து நடப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பறவை தலையை நிமிர்த்தி மேய்வதை நிறுத்தியதுமே நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். அடுத்த அடி வைத்தால் கூட்டமே கிளம்பிவிடும். ஒரு தடவை பறந்தால் என்ன நட்டம் என்று தோன்றலாம். பட்டைவால் மூக்கன் என்ற வலசைக் கரைப்பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அப்படிப் பறப்பதற்கான கொழுப்பெல்லாம் இப்படிச் சேற்றில் குத்திக் குத்திச் சேர்த்ததுதான். நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது.

முட்டையிடும் காலத்தில் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். வெண்கழுத்து உப்புக்கொத்திகளும் சிறிய ஆலாக்களும் கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் ஒரு சிறு குழி, அதில் இரண்டு மூன்று முட்டை. மணலும் முட்டையும் ஒரே நிறம். உச்சி வெயிலில் தாய் எழுந்து போய்விட்டால் முட்டை சீக்கிரமே சூடேறிக் கரு செத்துவிடும். உப்புக்கொத்திகள் சில சமயம் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் உங்கள் முன்னால் தத்தித் தத்தி ஓடினால், அதன் பின்னால் போகாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். முட்டையோ குஞ்சோ பக்கத்தில்தான் இருக்கிறது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம்.

தம்பதிகளிடம் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று: இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர். அது சரிப்பட்டு வராது. இரு கண்களுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் வேறு, பார்வையும் வேறு. நடுவில் உள்ள சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கிவிட்டு, வலக்கண் குழாயிலுள்ள வளையத்தைத் தனியாகத் திருப்பி வலக்கண்ணுக்கும் சரிசெய்ய வேண்டும். கை மாறும்போதெல்லாம் இதைச் செய்து முடிப்பதற்குள் ஆலா அடிவானத்துக்குப் போயிருக்கும். விலை குறைந்ததாக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 8x42 அளவு (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. அகல முன்லென்ஸ்) போதும். உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடும், வெயிலில் மணலுக்கு மேல் நெளியும் கானலும் கூடும்.

சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் இடம் பிடிப்பதும் தவறு. கிழக்கு நோக்கிய கரையில் காலையில் கடலைப் பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழல்தான். அங்கே பிற்பகல் ஏற்றம் வரும் நாளாகப் பாருங்கள். லென்ஸில் உப்பும் மணலும் படிந்தால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதி மணலைப் போக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சேற்றுக்குள் இறங்குவதானால் பின்பக்க ஓடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும் நீர் முதலில் ஓடையைத்தான் நிரப்பும், திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

‘ஏங்க, அதோ அங்க பாருங்க’ என்பதும் எங்களுக்குப் பல பறவைகளைத் தவறவிட வைத்திருக்கிறது. இப்போது நேர் எதிரே கடலைப் பன்னிரண்டு மணி என்று வைத்து, ‘இரண்டு மணி, கட்டைக்கு இடப்பக்கம்’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

அதைவிட முக்கியம், பெயரை முதலில் சொல்லாமல் இருப்பது. ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் கண்ணுக்கும் அதுதான் தெரியும். குளிர்காலத்தில் வலசை வரும் கரைப்பறவைகளில் பல சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே இருக்கும். பறவைக் கையேட்டில் முதல் படமாக இருக்கும் இனப்பெருக்கக் காலச் செம்மை நிறத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். அலகின் நீளம், வளைவு, மேயும் விதம், பறக்கையில் இறக்கையில் தெரியும் வெள்ளை ஆகியவற்றை ஆளுக்கொரு குறிப்பேட்டில் அங்கேயே எழுதிவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

போன முறை கால் நிறமே தெரியாமல் சேறு அப்பிய ஒரு பறவையை என் கணவர் பச்சைக்காலி என்று எழுதியிருந்தார், நான் பவளக்காலி என்று எழுதியிருந்தேன். கிளப்பிப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். நீர் அதன் வயிற்றைத் தொட்டதும் தானாகவே எழுந்தது. இறக்கையின் பின்விளிம்பில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. பவளக்காலி.