காய்ச்சல் வார்டுல இருந்து ஆராய்ச்சிக்கு: எம்பிபிஎஸ் பசங்கள எப்படி பழக்குறது

ஐப்பசி கார்த்திகை வந்துட்டா எங்க வார்டுல பாதி பெட் காய்ச்சல்தான். பாகூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம்னு எல்லா பக்கமும் இருந்து வருவாங்க, டெங்கு நெகட்டிவ், மலேரியா நெகட்டிவ், கூட வந்தவங்கள கேட்டா "ஏதோ விஷக்காய்ச்சல் சார்"ம்பாங்க. புதுச்சேரில எம்பிபிஎஸ் பசங்களோட ஆராய்ச்சிக்கு கைடா இருக்கேன், இப்பதான் கைடு ஆகியிருக்கிற அசிஸ்டென்ட் புரொபசர்களுக்காக இத எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு, பையனுக்கு நீங்களா தலைப்பு குடுக்காதீங்க. குடுத்தீங்கன்னா அவன் எக்ஸெல்ல டைப் பண்ற ஆளாதான் முடிவான். பதிலா ரெண்டு வாரம் வார்டுக்கு அனுப்பி தினம் ஒரு "ஏன்" நோட்ல எழுதிட்டு வரச் சொல்லுங்க. முக்கால்வாசிக்கு பதில் டெக்ஸ்ட் புக்லயே இருக்கும், அதுவும் நல்லதுதான், படிச்ச மாதிரி ஆச்சு. மிச்சம் இருக்கிறதுல ஏதாவது ஒண்ணு சிக்கும். என்கிட்ட ஒரு பொண்ணு, செகண்ட் இயர்தான், "ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் நெகட்டிவ்னு வந்தவங்களுக்கும் ஏன் சார் டாக்ஸிசைக்ளின் போடுறீங்க"ன்னு கேட்டுச்சு. ஸ்க்ரப் டைபஸ்ங்கறது ரொம்ப சின்ன பூச்சி ஒண்ணு கடிச்சு வர்ற காய்ச்சல், ஐஜிஎம் அதுக்கான ரத்த ஆன்டிபாடி டெஸ்ட், டாக்ஸிசைக்ளின் அதுக்கு போடுற ஆன்டிபயாடிக். அந்த கேள்விலயே ஒரு புராஜெக்ட் இருக்கு. ஆன்டிபாடி ஏற நாள் ஆகும், மொத வாரத்துல எடுத்தா நெகட்டிவ் வரலாம், அப்போ காய்ச்சல் எத்தனாவது நாள் ரத்தம் எடுத்தோம்ங்கறதுதான் விஷயமே.

ஆனா காய்ச்சல் ஆரம்பிச்ச தேதிய கேஸ் ஷீட்ல தேடிப் பாருங்க, "ஃபீவர் ஃபியூ டேஸ்"னு கிறுக்கி வச்சிருப்பாங்க. அதனால பையன்தான் பேஷன்ட் பக்கத்துல உக்காந்து கேக்கணும். தேதி கேட்டா யாருக்கும் தெரியாது, "தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா", "கடைசியா வேலைக்கு போனது எந்த கிழமை"ன்னு கேட்டா கரெக்டா வரும். எஸ்காரும் அப்படித்தான். பூச்சி கடிச்ச எடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு இருக்கும், வலிக்காது, பேஷன்ட்டுக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு கீழ, பொம்பளைங்களுக்கு பாவாடை நாடா கட்டுற எடம் இதெல்லாம் பாக்கணும், பையன் பாக்கும்போது சிஸ்டர் கூட இருக்கணும், ஸ்க்ரீன் போடணும். சட்டைய தூக்காமலே "எஸ்கார் இல்ல"ன்னு எழுதுறவன் நாளைக்கு எத்தன கோடி கிராண்ட் வாங்கினாலும் அவன் டேட்டாவ நான் நம்ப மாட்டேன். டேட்டா எழுதுற ஃபாரம்ல, அதாவது புரோபார்மால, "இல்லை"ன்னு ஒரு கட்டம், "பாக்கல"ன்னு ஒரு கட்டம், ரெண்டும் தனித்தனியா வைங்க.

வார்டு கேள்வி எங்க வரைக்கும் போகும்னு காட்ட வேலூர் சிஎம்சி நடத்தின இன்ட்ரெஸ்ட் ட்ரயல ஜர்னல் கிளப்ல வைங்க. சீரியஸ் ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸி மட்டுமா, அஸித்ரோமைசின் மட்டுமா, ரெண்டும் சேத்தாங்கறதுதான் கேள்வி, சேத்து குடுத்ததுதான் ஜெயிச்சுது, 2023ல வந்துச்சு. நம்ம வார்டுல தினம் பேசுற வாக்குவாதம்தானே அது.

எத்திக்ஸ் கமிட்டி இல்லாம ஒரு ஃபைலகூட தொடக்கூடாது, பழைய ரெக்கார்டா இருந்தாலும் சரி. தமிழ் கன்சென்ட் ஃபாரத்த "தங்கள் இசைவினை நல்குமாறு"ன்னு எழுதிட்டு வருவானுங்க, அத வார்டு ஆயாகிட்ட படிச்சு காட்டச் சொல்லுங்க, அவங்க முழிச்சா திரும்ப எழுதணும்.

இன்ஃப்ளமேஷன் (அழற்சி) பக்கம் பையன இழுக்க சிக்குன்குனியாவ விட நல்ல வழி எனக்கு தெரியல. காய்ச்சல் ஒரு வாரத்துல போயிடும், மூட்டு மாசக்கணக்கா விடாது, வர்ற பேஷன்ட் அக்காவுக்கு காலைல கை மடக்க முடியல, தோசைக்கரண்டி பிடிக்க முடியல. வைரஸ் போனப்புறமும் உடம்பு ஏன் சண்டைய நிறுத்தலன்னு பையன் கேக்க ஆரம்பிச்சா இம்யூனாலஜி தானா உள்ள வரும். வலிக்கிற மூட்டு எத்தன, வீங்குன மூட்டு எத்தன, காலைல இறுக்கம் எவ்ளோ நேரம்னு எண்ண கத்துக்குடுங்க, வலியும் வீக்கமும் ஒண்ணு இல்ல. ஜிப்மர்ல க்ளினிக்கல் இம்யூனாலஜிக்குன்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு, இன்னொரு கைடு அந்தப் பக்கத்துல இருந்து கெடச்சா ரொம்ப நல்லது.

இந்திரா நகர்ல ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், கொசு மாதிரி நோய் பரப்புற பூச்சிங்கள ஆராயற எடம், 1975ல இருந்து இருக்கு, பாண்டில அஞ்சு வருஷம் படிச்சுட்டு அந்த கேட் பக்கமே போகாதவங்க எத்தனையோ பேர். காலேஜ் லெட்டர் வாங்கி ஒரு நாள் கூட்டிட்டு போங்க. யானைக்கால் புழு கொசுவுக்குள்ள எப்படி வளருதுன்னு அங்க உள்ளவங்க வாயால கேட்டா அது வேற.

காசுக்கு, ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ் (ஷார்ட் டெர்ம் ஸ்டூடன்ட்ஷிப்) இருக்கு, ரெண்டு மாச புராஜெக்ட். ஜிப்மர் பசங்களுக்கு அதே மாதிரி ஜிஜே ஸ்ட்ராஸ்னு காலேஜோட ஸ்கீம் தனியா உண்டு. ரெண்டு மாசத்துல முடியற சைஸ்ல கேள்விய வெட்டுங்க, ரேர் வியாதிய எடுத்துட்டு மூணு கேஸோட நிக்காதீங்க. மழை சீசன் எப்போ, பையனோட இன்டர்னல்ஸ் எப்போன்னு ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வச்சு ப்ளான் பண்ணுங்க. கணக்குக்கு ஆர் (R)னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீதான், க்ராக் பண்ண சாஃப்ட்வேர் வேணாம்.

"இதுக்கு நீட் பிஜில மார்க் உண்டா சார்"னு கண்டிப்பா கேப்பானுங்க. இல்லன்னு நேராவே சொல்லிடுங்க, சீட்டு ரேங்க்லதான். ஃபைனல் இயர்ல அவன் எம்சிக்யூ படிக்க ஓடினா திட்டாதீங்க, பிஜி வந்தப்புறம் தீசிஸ்ல திரும்ப பிடிச்சுக்கலாம், ஐசிஎம்ஆரோட என்ஐஈ (நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எபிடமியாலஜி) நடத்துற ஆராய்ச்சி பேஸிக் கோர்ஸ் எப்படியும் அப்போ முடிச்சாகணும். அதுக்கு மேல போறவங்களுக்கு பிஎச்டி, இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்னு ரூட் இருக்கு.

ஆத்தர் வரிசைய மொத நாளே பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுடுங்க. நான் படிச்சப்போ ஒரு வருஷம் சாம்பிள் தூக்கி அலைஞ்ச பேப்பர்ல எம்பேர் அஞ்சாவதா வந்துச்சு, எனக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேர நான் வார்டுல பாத்ததே இல்ல. வேலை செஞ்ச பையன்தான் ஃபர்ஸ்ட் ஆத்தர். காசு கட்டினா மூணு நாள்ல போடுறேன்னு மெயில் அனுப்புற ஜர்னலுக்கு மட்டும் போக விடாதீங்க, அவன் மொத பேப்பர் அங்க போனா காலத்துக்கும் சிவியில ஒட்டிக்கிட்டு இருக்கும்.