ஓடும் நீரில் காற்றுக் குமிழி: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

குமிழி என்றாலே உருண்டை என்று நினைக்கிறோம், ஆனால் தண்ணீரில் அது சரியான உருண்டையாக இருப்பது மிகச் சின்னதாக இருக்கும்போது மட்டும்தான். நீங்களே செய்து பாருங்கள். உயரமான கண்ணாடி ஜாடி, ஊசி இல்லாத சிரிஞ்ச், மீன்தொட்டிக்குக் காற்று விடும் 4 மி.மீ. டியூப், 2.5 செ.மீ. உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் கண்ணாடி பைப், கொஞ்சம் விளக்கெண்ணெய், ஸ்லோமோஷன் உள்ள போன், இவ்வளவு போதும்.

முதலில், ஜாடியில் தண்ணீர் நிரப்பி, சிரிஞ்சில் டியூப்பை மாட்டி அடியிலிருந்து மெதுவாகக் காற்றை விடுங்கள். 1 மி.மீ.க்கும் குறைவான குமிழிகள் உருண்டையாக, நேராக ஏறும். இரண்டு மூன்று மி.மீ. ஆனதும் தட்டையாகி, வளைந்து வளைந்தோ சுருளாகவோ ஏறும். லியனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்துக் குறித்து வைத்தார். பரப்பு இழுவிசை குமிழியை உருண்டையாக்கப் பார்க்கிறது; எதிரே வரும் நீர் மேலும் கீழும் அழுத்தி அதைப் பக்கவாட்டில் விரிக்கிறது. சின்னக் குமிழியில் இழுவிசை ஜெயிக்கும், பெரியதில் தோற்கும். இன்னும் பெரிய குமிழியோ அடி தட்டையாகி, காளான் தொப்பி போல ஆகிவிடும்.

இதையே விளக்கெண்ணெயில் செய்தால், அதே அளவுக் குமிழி உருண்டையாக, நிதானமாக, நேராக ஏறும். எண்ணெய் தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு பிசுபிசுப்பானது. வேகம் குறைந்தால் நெளிக்கும் விசையும் குறைந்துவிடுகிறது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய பைப்பில் கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றி, இருபுறமும் அடைத்து, சட்டென்று தலைகீழாக்கி நிறுத்துங்கள். காற்று துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் ஏறும், சுவரோரமாக நீர் மெல்லிய படலமாக இறங்கும். வேகம் சுமார் 0.35 × √(g × விட்டம்), இதில் g என்பது புவியீர்ப்பு முடுக்கம்; அதாவது நொடிக்கு 17 செ.மீ. காற்றைக் கூட்டிக் குமிழியை நீளமாக்கிப் பாருங்கள், வேகம் மாறவே மாறாது! முன்முனையைச் சுற்றி நீர் எப்படி வழிகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, பின்னால் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது அல்ல.

அப்புறம் 4 மி.மீ. டியூப். இரு முனையையும் அடைத்துச் செங்குத்தாகப் பிடித்தால் குழாயை அடைத்து நிற்கும் குமிழி ஏறாமல் அப்படியே இருக்கும். தண்ணீரைப் பொறுத்தவரை சுமார் 5 மி.மீ.க்குக் கீழே இப்படித்தான். இப்போது பக்கெட்டிலிருந்து சைபன் முறையில் நீரை ஓடவிடுங்கள், குமிழி கிளம்பும். சுவரில் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தை விட்டுச் செல்வதால், நீரின் சராசரி வேகத்தைவிடச் சற்று வேகமாகவே போகும். குளுக்கோஸ் ஏற்றுமுன் நர்ஸ் திரவத்தை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுவது இதனால்தான், ஒடுங்கிய குழாயில் அது தானாக மேலேறி வராது.

கடைசியாக ஜாடித் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டுப் பாருங்கள், சின்னக் குமிழிகள் மந்தமாகிவிடும். இதை முதலில் செய்யாதீர்கள். சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் மற்றச் சோதனைகள் மாறிவிடும்.