முகமூடி போட்ட பிரவுசரும் முடியாத கேப்சாவும்

எந்தத் தளத்தைத் திறந்தாலும் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்" என்றே வந்து நின்றது. சிக்னல் விளக்குப் படங்களைச் சரியாகத் தொட்டாலும் அடுத்த கட்டம் வரும், அப்புறம் இன்னொன்று. இணைப்பை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத புதிய ப்ரொஃபைலில் திறந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சரி, கோளாறு ஐபி முகவரியில் இல்லை. பழைய ப்ரொஃபைலில் இருந்த கைரேகை மறைப்பு எக்ஸ்டென்ஷனில்தான். கைரேகை என்றால், கணினி, பிரவுசர் பற்றிய சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்து தளங்கள் நம்மை அடையாளம் காணும் வழி.

அது செய்த வேலையைப் பாருங்கள். என் கணினி லினக்ஸ், பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ். பிரவுசர் தன்னைத் தளத்துக்கு அறிமுகப்படுத்தும் வரியான யூசர் ஏஜென்டில் மட்டும் 'விண்டோஸ், குரோம்' என்று எழுதி அனுப்பியது. ஜாவாஸ்கிரிப்டில் பிளாட்ஃபார்மை, அதாவது இயங்குதளத்தைக் கேட்டால் லினக்ஸ் என்றே பதில். 3டி படம் வரையும் வெப்ஜிஎல்லோ, லினக்ஸில் பயன்படும் மெசா கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயரையே போட்டுக் கொடுத்தது. பக்கத்தில் படம் வரையும் வசதியான கேன்வாஸில் ஒரே படத்தை இரண்டு தடவை வரையச் சொன்னால் இரண்டு விடை! பாட்களை, அதாவது தானாக இயங்கும் நிரல்களைப் பிடிக்கும் நிரல்கள் தேடுவதே இந்த மாதிரி முரண்பாடுகளைத்தான்.

எக்ஸ்டென்ஷனைத் தூக்கிவிட்டு, ஃபயர்ஃபாக்ஸிலேயே இருக்கும் கண்காணிப்புத் தடுப்பை 'ஸ்ட்ரிக்ட்' நிலையில் வைத்தேன். கேப்சா தொல்லை அடங்கியது. பயனரின் அடையாளத்தை மறைக்கும் டோர் பிரவுசரைப் போல எல்லாரையும் ஒரே அச்சில் காட்டும் அமைப்பும் ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. பாதுகாப்பு அதில் கூடுதல்தான். ஆனால் உள்ளூர் நேரத்தையும் மறைத்துவிடுவதால் காலண்டர் குழம்பும். எனக்கு ஒத்துவரவில்லை.

உங்கள் பிரவுசர் எவ்வளவு தனித்துத் தெரிகிறது என்று பார்க்க, இணைய உரிமைகளுக்காக இயங்கும் இஎஃப்எஃப் அமைப்பின் 'கவர் யுவர் டிராக்ஸ்' சோதனை போதும். 2010-இல் 'பானாப்டிகிளிக்' என்ற பெயரில் வந்ததும் இதுதான்.