ஐரோப்பாவில் இரவு ரயில்: தண்டவாளப் பணி காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் இரவு ரயில் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் பெர்த்தை. ரயில் ஓடப்போகும் தண்டவாளத்தில் அன்றிரவு என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பகலில் அடுத்தடுத்து பயணிகள் ரயில்கள் ஓடும் பாதையில் ராத்திரிதான் ஜல்லி மாற்ற முடியும், மின்கம்பியைத் தொட முடியும், சிக்னலைப் பிரித்துப் போட முடியும். ஆக, இரவு ரயில் கேட்கும் நேரத்தையேதான் பராமரிப்பு ஆட்களும் கேட்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது பராமரிப்பு ஆட்களுக்குத்தான். பகல் ரயிலில் போகிறவருக்குத் தெரியாமலே முடிந்துவிடும் வேலை, இரவு ரயிலில் போகிறவரின் பயணத்தையே மாற்றிவிடும்.

ஜெர்மனியில் இப்போது நடப்பது வெறும் ராத்திரி வேலையும் அல்ல. முக்கியப் பாதைகளை மாதக்கணக்கில் முழுசாக மூடி, ஒரேயடியாகப் புதுப்பிக்கிறார்கள். முதலில் ஃபிராங்க்ஃபர்ட் - மன்ஹைம் இடையே சுமார் 70 கிலோமீட்டர் ‘ரீட்பான்’ பாதையை 2024 ஜூலை நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை மூடினார்கள். அடுத்து ஹாம்பர்க் - பெர்லின் பாதை, சுமார் 280 கிலோமீட்டர், 2025 ஆகஸ்ட் 1-ல் மூடப்பட்டது. ஒன்பது மாதத் திட்டம் அது. இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட பாதைகளை 2030-க்குள் முடிப்பதாக முதலில் சொன்னார்கள், இப்போது அது 2030-களின் நடுப்பகுதிவரை நீண்டிருக்கிறது. ஜெர்மனி ஐரோப்பாவின் நடுவில் இருப்பதால் வியன்னா, ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், ஸ்டாக்ஹோம் என்று எங்கிருந்து எங்கே போகும் இரவு ரயிலுக்கும் இதில் பங்கு உண்டு.

‘டிக்கெட் இல்லை’ என்றால் தீர்ந்துவிட்டது என்று நினைப்பது

இதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு என்பேன். இந்தியாவில் முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய இரவு ரயிலில் அப்படி உறுதியான கணக்கு கிடையாது. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் ரயில்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும் என்பார்கள். ஆனால் பாதையில் வேலை இருக்கிற நாட்களுக்கு, எந்த வழியில் எத்தனை மணிக்கு ஓடலாம் என்று அந்தந்த நாட்டின் தண்டவாள நிர்வாகம் முடிவுசெய்த பிறகுதான் விற்பனை திறக்கும். அது பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பாகக்கூட இருக்கலாம். பிரான்ஸின் உள்நாட்டு இரவு ரயில்களிலும் இதே கதைதான். டிஜிவி என்ற பகல் நேர அதிவேக ரயிலுக்கு எப்போதோ திறந்திருக்கும், அதே தேதியில் பாரிஸ் - நீஸ் இரவு ரயிலைத் தேடினால் திரையில் ஒன்றும் வராது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. உங்கள் தேதியை மட்டும் பார்க்காமல் முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து நாட்களைத் தட்டிப் பாருங்கள். ரயில் பட்டியலில் இருக்கிறது, இருக்கை, படுக்கை எல்லாம் ‘இல்லை’ என்று வருகிறது என்றால் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ரயிலே பட்டியலில் இல்லை, அதுவும் ஒரு வாரம் முழுக்கத் தொடர்ச்சியாக இல்லை என்றால் தண்டவாள வேலையைச் சந்தேகிக்கலாம். முதல் வகைக்கு வேறு தேதி பார்க்க வேண்டும். இரண்டாவது வகைக்குக் கொஞ்சம் காத்திருக்கலாம், ஆனால் அதற்குள் விடுதியில் பணம் கட்டிவிடக் கூடாது.

ரயிலே ஓடாத வாரங்களும் உண்டு. 2024 ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை பாரிஸிலிருந்து பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் போன நைட்ஜெட் ரயில்கள் தண்டவாளப் பணியால் மொத்தமாக நிறுத்தப்பட்டன. (அந்த இரண்டு ரயில்களும் 2025 டிசம்பர் அட்டவணை மாற்றத்தோடு போயே போய்விட்டன. காரணம் பணி அல்ல, பிரெஞ்சு அரசு நிதியை நிறுத்தியது. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்து இன்னும் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.)

புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் மட்டும் பார்ப்பது

ஹாம்பர்க்கிலிருந்து வியன்னா போகிறவர் ஹாம்பர்க்கில் ஏதாவது வேலையா, வியன்னாவில் ஏதாவது வேலையா என்று பார்ப்பார். அவருடைய ரயில் நடு ராத்திரிக்கு மேல் நியூரன்பர்க், ரீகன்ஸ்பர்க், பஸாவ் வழியாகப் போகிறது என்பது அவர் கணக்கில் வராது. அந்த நியூரன்பர்க் - ரீகன்ஸ்பர்க் பாதையும், அதைத் தொடர்ந்து பஸாவ் வரையிலான பாதையும் ஜெர்மன் ரயில்வேயின் 2026-ம் ஆண்டு மூடல் திட்டத்தில் இருப்பவை. நீங்கள் தூங்கிக்கொண்டே கடக்கும் ஊர்தான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

ஆல்ப்ஸ் மலையில் இது இன்னும் கூர்மை. சால்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே கரிந்தியா மாநிலத்துக்கும் அங்கிருந்து இத்தாலி, ஸ்லோவேனியா பக்கமும் இறங்கும் டவர்ன் பாதை 2024 நவம்பரிலிருந்து 2025 ஜூலை வரை மூடப்பட்டது. சுரங்கங்களைப் புதுப்பிக்கும் வேலை. மியூனிக்கில் ஏறி இத்தாலியில் இறங்குகிறவர், நடுவில் ஆஸ்திரியாவில் ஒரு சுரங்கம் மூடியிருக்கிறது என்று ஏன் யோசிக்கப்போகிறார்? ஆனால் மலையைக் கடக்க இருக்கும் வழிகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று மூடினால் மற்றவற்றில் நெரிசல்தான்.

‘சரி, வேறு வழியில் சுற்றி விட்டால் போச்சு’ என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ரயில்வேக்கள் 15 கிலோவோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் பெரும்பாலான பாதைகளில் 3 கிலோவோல்ட் நேர்மின்சாரம். நெதர்லாந்தில் 1.5. பிரான்ஸில் பாதையைப் பொறுத்து 25 அல்லது 1.5. எல்லைக்கு எல்லை சிக்னல் முறையும் வேறு. அந்தப் பாதைக்கு ஒப்புதல் பெற்ற எஞ்சின் வேண்டும், பாதையைப் பழகிய, அந்த நாட்டு மொழியில் கட்டுப்பாட்டு அறையோடு பேசத் தெரிந்த ஓட்டுநர் வேண்டும். இத்தனையும் அமைந்தாலும், சுற்றுப்பாதையில் ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில்கள் வரிசை கட்டி நிற்கும், ஏனென்றால் அவற்றையும் அங்கேதான் திருப்பி விட்டிருப்பார்கள். ஹாம்பர்க் - பெர்லின் பகல் ரயில்கள் உல்ட்சன், ஷ்டெண்டால் வழியாகச் சுற்றியபோது சுமார் 45 நிமிடம்தான் கூடியது. மூன்று நாடுகளைக் கடக்கும் இரவு ரயிலுக்கு அப்படி ஒரு சுத்தமான எண் கிடைப்பது அபூர்வம்.

இரவு ரயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் ஏறும் பெட்டி, பாதி ராத்திரியில் வேறொரு ரயிலோடு சேர்க்கப்படலாம். சால்ஸ்பர்க், நியூரன்பர்க் மாதிரி நிலையங்களில் இரண்டு மூன்று ஊர்களுக்கான பெட்டிகளைப் பிரித்து மாற்றிக் கோத்து அனுப்புவார்கள். உங்கள் பாதையில் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், சேர வேண்டிய மறுபாதி வேலையில் மாட்டிக்கொண்டால் உங்கள் பெட்டியும் காத்திருக்கும்.

ஒருமுறை பார்த்த நேரத்தை நம்பியே இருப்பது

பணி காலத்தில் ரயில் ரத்தாவதைவிட நேரம் மாறுவதுதான் அதிகம். தாமதமாகக் கிளம்பினால் பரவாயில்லை, நிலையத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆபத்து முன்கூட்டியே கிளம்புவதில்தான். சுற்றிப் போக வேண்டியிருப்பதால் வழக்கமாக எட்டரைக்குப் புறப்படும் ரயில் அன்று மட்டும் ஏழரைக்குப் புறப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நேரத்தை மனதில் வைத்து எட்டு மணிக்கு நிலையத்துக்குப் போகிறவருக்கு வெறும் பிளாட்பாரம்தான் மிச்சம்.

இதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல் டிக்கெட் வாங்கிய முகவரிக்குத்தான் வரும். இடைத்தரகு தளத்தில் வாங்கியிருந்தால் அது அங்கேயே நின்றுவிடவும் வாய்ப்புண்டு. எனவே முடிந்தவரை ரயிலை இயக்கும் நிறுவனத்திடமே வாங்குவது நல்லது. நாலைந்து யூரோ மிச்சம் என்பதற்காகத் தரகு தளத்துக்குப் போவது இரவு ரயிலுக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ரயிலை உங்கள் தேதிக்குத் திறந்து, நிற்கும் நிலையங்களின் முழுப் பட்டியலையும் விரித்துப் பாருங்கள். அதே கிழமை, ஒரு மாதம் தள்ளி, அதே ரயிலை இன்னொரு பக்கத்தில் திறந்து அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு நிலையங்கள் காணாமல் போயிருக்கிறதா? மொத்தப் பயண நேரம் ஒரு மணிக்கு மேல் கூடியிருக்கிறதா? ஊரின் மைய நிலையத்துக்குப் பதில் புறநகர் நிலையம் வந்திருக்கிறதா? கடைசி நிலையமே சுருங்கியிருக்கிறதா? இந்த நாலில் ஒன்று இருந்தாலும் சுற்றுப்பாதை என்று புரிந்துகொள்ளலாம். இதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை செய்ய வேண்டும்.

படுத்தால் ஊர் வந்துதான் எழுவோம் என்று நம்புவது

சில இரவுகளில் ரயில் பாதி வழிவரைதான். மீதிக்கு மாற்றுப் பேருந்து. அதிகாலை நாலு மணிக்கு எழுப்பி, மூட்டை முடிச்சோடு இறக்கி, நிலையத்துக்கு வெளியே நிற்கும் பேருந்தில் ஏற்றுவார்கள். ரீட்பான் மூடியிருந்தபோது ஜெர்மன் ரயில்வே இதற்கென்றே ஊதா நிறப் பேருந்துகளை ஓட்டியது. ஜெர்மன் மொழிப் பகுதிகளில் ‘எஸ்இவி’ (SEV, ரயிலுக்குப் பதில் ஓடும் வண்டி என்று பொருள்) என்ற மூன்றெழுத்துப் பலகையைத் தேடினால் பேருந்து நிற்கும் இடம் தெரியும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள், இப்படி ஒரு பேருந்துத் துண்டு இருக்கிற இரவை எடுக்கவே வேண்டாம். சைக்கிளுக்கு இடம் போட்டிருப்பவர்கள் கவனிக்க: மாற்றுப் பேருந்தில் சைக்கிளை ஏற்றுவது பெரும்பாலும் நடக்காது. சக்கர நாற்காலி உதவி கேட்டிருப்பவர்கள், பேருந்து இருக்கிறது என்று தெரிந்ததும் மறுபடியும் அழைத்து உறுதிப்படுத்த வேண்டும்.

காலையில் இறங்கியதும் அடுத்த வண்டியை ஒட்டிப் போடுவது

ஏழு மணிக்குச் சேரும், எட்டு மணிக்கு அடுத்த ரயில், அதுவும் பணம் திரும்பாத மலிவு டிக்கெட்டில். பணி இல்லாத காலத்திலேயே இது துணிச்சல்தான். பணி நடக்கும் பாதையில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மூன்று இருந்தால் இன்னும் நல்லது. விமானம் என்றால் கணக்கே வேறு. வியன்னாவிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ காலை இறங்கி அன்று மதியமே சென்னைக்கோ கொழும்புக்கோ விமானம் ஏறும் திட்டத்தை, பணி காலத்தில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தவறவிட்ட விமானத்தின் விலையை ரயில் பயணிகளுக்கான இழப்பீட்டு விதி ஈடுசெய்யாது.

அந்த விதி என்ன தருகிறது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 2023 ஜூன் 7 முதல் நடப்பில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதித்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்தைத் தொட்டால் 50 சதவீதம். ஆனால் டிக்கெட் வாங்கும் முன்பே அந்தத் தாமதத்தை உங்களிடம் சொல்லியிருந்தால் இழப்பீடு கிடையாது. அதாவது, சுற்றுப்பாதை நேரம் ஏற்கெனவே அட்டவணையில் ஏறிய பிறகு வாங்கியவர், ‘வழக்கமாக ஏழுக்கு வரும் ரயில் ஒன்பதுக்கு வந்தது’ என்று பணம் கேட்க முடியாது. நீங்கள் வாங்கிய பிறகு மாற்றினார்கள் என்றால் கதை வேறு. அதனால் வாங்கிய அன்றே டிக்கெட்டையும் அன்றைய நேரத்தையும் சேமித்து வையுங்கள்.

சேருமிடத்துக்கு 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம், அல்லது மாற்று வழியில் அனுப்பச் சொல்லலாம். மாற்று வழி என்ன என்று 100 நிமிடத்துக்குள் ரயில்வே சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலோ பேருந்தோ பிடித்து, நியாயமான செலவைத் திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. இதற்கெல்லாம் அத்தாட்சி வேண்டும். தாமதமானால் இறங்கும் முன் ரயில் பணியாளரிடம் தாமதச் சான்றை டிக்கெட்டிலோ தாளிலோ வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்தாலும், பல பெரிய ரயில்வேக்களிடையே ஒரு பரஸ்பர ஏற்பாடு இருக்கிறது. அதன்படி சர்வதேசப் பயணத்தில் இணைப்பு தவறியவரை, இடமிருந்தால் அடுத்த ரயிலில் கூடுதல் பணமின்றி ஏற்றுவார்கள். அந்தச் சான்றைக் காட்டித்தான் அதைக் கேட்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் அதில் இல்லை என்பதால் அதை நம்பியே திட்டம் போட வேண்டாம்.

தேதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது

தண்டவாளப் பணிகள் கோடை விடுமுறையிலும் வார இறுதிகளிலும் அதிகம் குவியும், அப்போது அலுவலகம் போகும் கூட்டம் குறைவு. நமக்கோ பயணம் போகத் தோன்றுவதும் அப்போதுதான். ஒரு நாள் முன்போ பின்போ தள்ள முடிந்தால், வெள்ளி ராத்திரி இல்லாத ரயில் செவ்வாய் ராத்திரி ஒழுங்காக ஓடுவதைப் பார்க்கலாம். டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க அட்டவணை மாறும். அதற்கு அப்புறமான தேதிகளுக்கு விற்பனை தாமதமாவது வழக்கம், பதற வேண்டாம். அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும்போது இரவு ரயில் ஏதோ ஒரு நிலையத்தில் சும்மா நிற்கும், அது பழுதும் அல்ல, பணியும் அல்ல. மார்ச் கடைசி ஞாயிறு அந்த ஒரு மணி நேரம் பறிபோகும், ரயில் தாமதமாகத்தான் வந்து சேரும்.

அப்புறம், பகல் ரயில் வழி ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். எந்த ஊரில் மாற வேண்டும், அன்று கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பது கையில் இருந்தால் போதும், டிக்கெட் வாங்கி வைக்கத் தேவையில்லை. மாலை ஐந்து மணிக்கு ‘இன்றிரவு ரயில் இல்லை’ என்று செய்தி வரும்போது, உதவி மேசையின் நீண்ட வரிசையில் நிற்பவர்களில் இந்த விவரம் தெரிந்தவர் நேராகக் கேட்க முடியும்: ‘ஆறே கால் ரயிலில் மியூனிக் வரை போட்டு, அங்கே இரவு தங்க அறை கொடுங்கள்.’ இரவு தங்க வேண்டிய நிலை வந்தால் அறைக்கு ஏற்பாடு செய்வதும் மேலே சொன்ன ஐரோப்பிய ஒன்றிய விதியில் ரயில்வேயின் கடமைதான்.