தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நிதி தேடும் வழி: யார் பெயரில் பெறுவது, எங்கே கேட்பது

வகுப்பறைக்கென்று ஒரு நல்ல திட்டம் மனத்தில் உருவானதும், இதற்கு யார் பணம் தருவார்கள் என்றுதான் பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பணம் வந்தால் அதை யார் பெயரில் பெறுவது? மலேசியாவில் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஓர் அரசாங்க ஊழியர். அன்பளிப்பு பெறுவது உட்பட அவருடைய நடத்தையை 1993ஆம் ஆண்டின் அரசாங்க ஊழியர் ஒழுங்கு விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. பள்ளிக்கென்று பிறர் தரும் தொகை ஒருநாளும் ஆசிரியரின் சொந்த வங்கிக் கணக்கில் விழக்கூடாது, அது ஐம்பது வெள்ளியாக (ரிங்கிட்டாக) இருந்தாலும் சரி. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய முயற்சிகூட இந்த ஒரு காரணத்தால் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

பெறுவதற்குரிய பெயர்கள் நான்கு. முதலாவது, பள்ளியின் சுவா கணக்கு. அரசாங்க மானியம் தவிர்த்த நன்கொடைகள் இதில்தான் சேரும், செலவுக்குத் தலைமையாசிரியர் பொறுப்பு. இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கம். 1998ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் இயங்கும் இச்சங்கத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. மூன்றாவது, பள்ளி வாரியம். அரசாங்கத்தின் பகுதி உதவி பெறும் பள்ளிகளில் நிலமும் கட்டடமும் சார்ந்த வேலைகளுக்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. நான்காவது, சங்கப் பதிவு இலாகாவில் பதிவு பெற்ற ஓர் அமைப்பு, அதாவது முன்னாள் மாணவர் சங்கமோ கல்விப் பணியாற்றும் அரசு சாரா இயக்கமோ. எந்த நிதியைத் தேடுகிறீர்களோ, அதற்கு இந்த நான்கில் எது பொருந்தும் என்பதை முதலில் தலைமையாசிரியரோடு அமர்ந்து தீர்மானித்துக்கொள்ளுங்கள். பல விண்ணப்பங்கள் திட்டத்தின் குறையால் அல்லாமல், தகுதியில்லாத பெயரில் போனதால் திரும்பி வருகின்றன.

வெளியே தேடும் முன் பள்ளிக்குள்ளே பாருங்கள். மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டு வழங்கப்படும் தலைவீத மானியம் பாடவாரியாகப் பிரிக்கப்படுகிறது. உங்கள் பாடப் பனித்தியாவுக்கு, அதாவது அப்பாட ஆசிரியர் குழுவுக்கு, இவ்வாண்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதமிருக்கிறது, எவற்றை வாங்க அனுமதி உண்டு என்பதைப் பனித்தியா தலைவரிடம் கேட்டாலே சிறிய தேவைகள் சில தீர்ந்துவிடும். 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளிகளில் இந்தத் தொகை சிறுத்துப்போவதால், அங்கே பணியாற்றும் ஆசிரியருக்குத்தான் வெளிநிதியின் அவசியம் அதிகம். ஆனால் விண்ணப்பம் எழுத ஆளும் நேரமும் குறைவாக இருப்பதும் அங்கேதான். அருகருகே உள்ள இரண்டு மூன்று சிறிய பள்ளிகள் சேர்ந்து ஒரே திட்டமாக எழுதுவது இதற்கு நல்ல வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பயன்பெறும் மாணவர் எண்ணிக்கை கூடும்போது நிதி தருபவரின் பார்வையும் மாறுகிறது.

அடுத்து அரசாங்கம். பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் ஒதுக்கீடு வழங்கி வருகிறது. இதைப் பள்ளி நிர்வாகம்தான் பெறுகிறது என்றாலும், பட்டியலில் எது இடம்பெற வேண்டும் என்று கேட்கப்படும்போது வகுப்பாசிரியரின் தேவை எழுத்தில் தயாராக இருந்தால் மட்டுமே அது மேலே போகும். கோலாலம்பூரில் பணியாற்றுவோருக்கு இந்த வசதி இல்லை. கூட்டரசுப் பிரதேசத்துக்கு மாநில அரசு கிடையாது. ஆகவே அவர்கள் கூட்டரசு நிதியையும் அறவாரியங்களையும் நாட வேண்டியிருக்கிறது. அவற்றில் நம் சமூகத்துக்கு மிக அருகில் இருப்பது, மலேசிய இந்தியர் மேம்பாட்டுக்கான கூட்டரசு அரசாங்கப் பிரிவான மித்ரா. 2014இல் செடிக் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 2018இல் மித்ராவாக மாறிய இந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்படுகிறது. விண்ணப்பம் திறக்கும் காலமும் ஏற்றுக்கொள்ளப்படும் திட்டங்களின் வகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அக்டோபரில் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் நாளிலிருந்தே அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலின் அறவாரியமாக 2015இல் அமைக்கப்பட்ட யாயாசான் ஹசானாவின் துறைகளுள் கல்வியும் ஒன்று. அங்கே விண்ணப்பிக்கப் பதிவு பெற்ற அமைப்பு தேவை. மேலே சொன்ன நான்காவது பெயர் இங்கேதான் கைகொடுக்கும்.

இனி விண்ணப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். “எங்கள் பள்ளியின் வளர்ச்சிக்கு உதவுங்கள்” என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புலப்படாது. அதே தேவையை இப்படி எழுதிப் பாருங்கள்: “ஐந்தாம் ஆண்டில் 32 மாணவர்கள் இருக்கிறார்கள், நுண்ணோக்கி ஒன்றே உள்ளதால் பெரும்பாலோர் அதைத் தொடாமலே பாடத்தை முடிக்கிறார்கள், நால்வருக்கு ஒன்று வீதம் எட்டுக் கருவிகள் கிடைத்தால், அறிவியல் பாடத்தில் ஒவ்வொரு மாணவரும் தாமே கண்டதை வரைந்து பதிவு செய்வார்.” இதில் எண்ணிக்கை இருக்கிறது, இன்றைய நிலை இருக்கிறது, பணம் வந்தபின் நடக்கப்போவதும் இருக்கிறது. இதோடு மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள், தலைமையாசிரியரின் ஆதரவுக் கடிதம், மாதவாரியான வேலைத்திட்டம் ஆகியவற்றை இணையுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரே பக்கத்தில் சுருக்கத்தைத் தயாராக வைத்திருப்பது நல்லது. விண்ணப்பப் பாரத்தின் கேள்விகளுக்கு ஏற்ப அதை விரித்துக்கொள்ளலாம். தேவையைவிட அதிகமாகக் கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும் என்ற எண்ணத்தை அடியோடு கைவிட வேண்டும். விலை தெரிந்தவர்தான் விண்ணப்பத்தை மதிப்பிடுகிறார். ஓர் எண் பொய்த்தால் மற்ற எண்களும் பொய்த்ததாகவே அவர் கொள்வார்.

தனியார் நிறுவனங்களை அணுகும்போது, நன்கொடையாளருக்குக் கிடைக்கும் வரிச்சலுகையைப் பற்றி அறிந்திருப்பது உதவும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு, அரசாங்கத்துக்கோ அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கோ தரும் பணக் கொடைக்குக் கழிவு வழங்குகிறது. உங்கள் வழியில் வரும் நன்கொடைக்கு இது பொருந்துமா என்பதை வருமான வரி வாரியத்திடம் பள்ளி முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தெரியாமல் வாக்குக் கொடுக்கக் கூடாது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெற்றோரோ முன்னாள் மாணவரோ இருந்தால், அவர்களுடைய நிறுவனத்தில் சமூகப் பங்களிப்பு நிதி உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஊழியர்கள் தன்னார்வமாக உழைத்த நேரத்துக்கு ஈடாகப் பள்ளிக்குப் பணம் தரும் பன்னாட்டு நிறுவனங்களும் உள்ளன. உள்ளிருக்கும் ஊழியர் ஒருவரின் அறிமுகம், பொதுமுகவரிக்கு அனுப்பும் கடிதத்தைவிட வேகமாகப் போகும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ உண்டியல் ஏந்துவது வேறு விஷயம்: தெருவிலும் வீடுவீடாகவும் பணம் திரட்டுவதை 1947ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அனுமதியின்றி மாணவர்களை அதற்கு அனுப்பவே கூடாது.

ஆசிரியரின் சொந்த மேற்படிப்புக்கான நிதி தனி வகை. இதை மட்டும் உங்கள் பெயரிலேயே கேட்கலாம். கல்வி அமைச்சின் ஹாடியா லாத்தியான் பெர்செகுத்துவான் உபகாரச் சம்பளம், முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு முழுச் சம்பள விடுப்போடு வழங்கப்படுகிறது. படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் கட்டாயம் உண்டு. ஜப்பானிய அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சி உபகாரச் சம்பளம், 35 வயதுக்கு உட்பட்ட, ஐந்தாண்டு பணி அனுபவம் உள்ள ஆசிரியரைச் சுமார் ஒன்றரை ஆண்டுக்கு அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பயிற்றுவிக்கிறது. பட்டம் தருவதில்லை என்றாலும் வகுப்பறை ஆய்வில் ஆர்வமுள்ளவருக்கு அது அரிய வாய்ப்பு. அறிவிப்பு ஜப்பானியத் தூதரகத்தில் வரும்.

விருதுகளும் நிதிதான். பகாங் மாநிலத்தின் ருஞ்சாங் தேசியப் பள்ளியில் ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சாமுவேல் ஐசாயா, 2020ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசுக்கான இறுதிப் பத்துப் பேரில் ஒருவரானார். வென்ற இந்திய ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்தளித்ததால், ஒவ்வொருவருக்கும் 55,000 டாலருக்குச் சற்று மேல் கிடைத்தது. இத்தகைய போட்டிகள் கேட்பது சான்றுகளை. வகுப்பில் நீங்கள் செய்த மாற்றத்தின் முன்னும் பின்னும் எடுத்த மதிப்பீடுகள், மாணவர் படைப்புகள், தேதியிட்ட குறிப்புகள் ஆகியவற்றை இன்றிலிருந்தே சேர்த்து வைத்தால்தான் அன்றைக்கு உதவும்.

பணம் கிடைத்தபின் அறிக்கையைக் கேட்கும்வரை காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள்: எதற்குச் செலவானது, எந்த ரசீது, எத்தனை மாணவர் பயன்பெற்றனர், எது திட்டமிட்டபடி நடக்கவில்லை. மாணவர் படம் சேர்ப்பதற்குப் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இவை அனைத்தின் நகலும் விண்ணப்பத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும். மாற்றலாகிப் போகும் ஆசிரியர் கோப்பைத் தம்மோடு கொண்டுபோகாமல், பனித்தியாவில் தமக்கு அடுத்து வருபவரிடம் தொடர்பு எண்களோடு நேரில் ஒப்படைக்க வேண்டும்; அப்போதுதான் அடுத்த ஆண்டு விண்ணப்பம் திறக்கும்போது அவர் அதே அமைப்பிடம் தொடக்கத்திலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்காது.